பின்படிக்கட்டு திறந்த நாள்

மாளிகையில் எல்லாரும் அவரைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஆயுளைப் பேருந்தில் டிக்கெட் கிழித்தே கழித்தவர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு, மாளிகையைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார். அந்நிய ஆட்சிக் காலத்தில் ஒரு கப்பல் வியாபாரி கட்டிய வீடு அது. கட்டில், கண்ணாடி, பீங்கான் எல்லாம் அந்தக் குடும்பம் விட்டுப்போன மாதிரியே இருக்க, சனம் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

வேலை மாறினாலும் நாக்கு மாறவில்லை. "வாசல்லயே நிக்காதீங்க, உள்ள எவ்ளோ இடம் கிடக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தால் கூட்டம் தானாக நகரும். கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒருநாள் காலை ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குக் கண் தெரியாது. மனைவி அவர் காதோரம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கூடத்தில் கணவரின் கை தன்னையறியாமல் ஒரு நாற்காலிப் பக்கம் நீண்டது. மனைவி சட்டென்று பிடித்து இழுத்தார்.

"தொடக்கூடாதுன்னு எழுதியிருக்குங்க."

அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த அறையிலும் அதை வெளியே எடுக்கவே இல்லை.

கண்டக்டரம்மா அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். மற்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இருவரை மட்டும் இருக்கச் சொல்லி, நேராகப் பொறுப்பாளரிடம் போனார்.

"சார், பின்படிக்கட்டுச் சாவி குடுங்க."

"அது வேலைக்காரங்க ஏறின படிம்மா. ஒரே இருட்டு. யாராச்சும் விழுந்தா என் தலைதான் உருளும்."

"கண்ணு தெரியாதவருக்கு இருட்டு என்ன புதுசா சார்? நான் பாத்துக்கறேன்."

பொறுப்பாளர் கெடுபிடிக்காரரே தவிர கல்நெஞ்சக்காரர் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு தானே முன்னால் நடந்தார்.

கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் நின்று, குனிந்து கல்லைத் தடவினார்.

"நடுவுல பள்ளமா இருக்கே?"

"மேல குளிக்கற ரூம் இருக்குங்க. அந்தக் காலத்துல குழாய் ஏது? தண்ணி தூக்கிட்டு ஏறின கால்தான் கல்லையே தேச்சிருக்கு."

"சுவரும் இங்க வழவழன்னு இருக்கு."

"தோள் உரசினதுங்க. கனத்தோட ஏறறவங்க ஒரு பக்கம் சாஞ்சுதானே ஏறணும்?"

அவர் தன் தோளை அங்கே வைத்துப் பார்த்தார். அப்படியே சாய்ந்தபடி மெல்ல ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் மனைவி பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ நேரம் சொல்லிட்டு வந்தியே, இதைச் சொல்லவே இல்லையே?"

"நான் கண்டாத்தானே சொல்றதுக்கு!" என்று சிரித்துக்கொண்டே மனைவியும் குனிந்து படியைத் தொட்டார்.

அன்றைக்குப் பிடித்த பிடியைக் கண்டக்டரம்மா விடவில்லை. நிர்வாகக் குழுவைக் கரைக்க ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஓடின. பொறுப்பாளரும் கூடவே நின்று மன்றாடினார். இப்போது பின்படிக்கட்டில் கைப்பிடியும் விளக்கும் உண்டு. பழைய சமையலறையில் இருக்கும் அம்மி, செப்புப் பாத்திரம், பித்தளைத் தாழ்ப்பாள் எதையும் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம்.

அதோடு ஓய்ந்தாரா என்றால், இல்லை. மேல்மாடிக் கட்டிலின் பட்டுத் திரையையும் தொட விடவேண்டும் என்று இப்போது அடி போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சை எடுத்தாலே பொறுப்பாளர் நழுவிவிடுகிறார்.