கண்டக்டர் கேட்ட கேள்வி

நான் காத்திருந்த ஆன்டிபாடி இன்று காளவாசல் கூரியர் ஆபீசுக்கு வந்துவிட்டது. ஐஸ் உருகுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். தெர்மோகோல் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

"என்னம்மா, பெட்டில மீனா? நாறுச்சுன்னா எறக்கி விட்ருவேன்" என்றார் கண்டக்டர்.

"ஆராய்ச்சி மருந்துண்ணே. ஈஸ்ட்டுக்குள்ள ஆயிரக்கணக்குல புரதம் இருக்கு. சுருட்டி வச்ச டிஎன்ஏவைத் தளர்த்துற ஒரு புரதத்த மட்டும் இது புடிச்சுக் காட்டும்."

பஸ்ஸில் கூட்டமில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் நகரவில்லை.

"எங்க செக்கிங்ல டிக்கெட் எடுத்த ஆளயே புடிச்சிருக்காக. இதுவும் ஆள் மாறிப் புடிக்கலாம்ல? அந்தப் புரதம் இல்லாத ஈஸ்ட்ல இதப் போட்டுப் பாத்தீகளா?"

"பாத்தாச்சுண்ணே" என்றேன்.

பார்க்கவில்லை. அந்தப் புரதம் நீக்கிய ஈஸ்ட் எங்கள் ஃப்ரீசரில் இரண்டு வருடமாகக் கிடக்கிறது. இதே ஆன்டிபாடியின் முந்தைய குப்பியை, லேபிளில் அந்தப் புரதத்தின் பெயர் இருக்கிறதே என்று சீனியர்களைப் போலவே நானும் நம்பினேன். புரதத்தைப் பிடித்ததற்கு அடையாளமாக ஃபிலிமில் கறுப்புக் கோடு தெரிந்ததும் சந்தோஷத்தில் தீசிஸில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். கைடும் கேட்கவில்லை.

கேட்ட ஒரே மனிதரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் யோசிக்காமல்.

நாளை முதல் வேலையாக அந்த ஈஸ்ட்டை வளர்க்கப் போகிறேன். அதிலும் அதே கோடு தெரிந்தால், இது வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம்; அத்தியாயம் போச்சு.

லேப் நண்பர்களே, நீங்களெல்லாம் உங்கள் ஆன்டிபாடிகளை இப்படிச் சோதித்துப் பார்த்துவிட்டீர்கள்தானே? எதிரில் கண்டக்டர் நிற்பதாக நினைத்துக்கொண்டு பதில் போடுங்கள்.