அவளுக்கு ஒத்துக்காது

கல்யாணமாகி மீனாட்சிபுரம் வந்த நாளிலிருந்து எனக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று முடிவு செய்கிறவர் என் வீட்டுக்காரர்தான். கல்யாணப் பந்தியில் ஐஸ்கிரீம் வந்தால், "அவளுக்கு ஒத்துக்காதுங்க" என்று என் கப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவள். உறைபனி பிடித்த புல்லில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவளுக்கு, வெயிலில் மாடு வளர்க்கிற மனுஷன் குளிரைப் பற்றிப் பாடம் எடுப்பார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் எங்கள் இருவரையும் அண்டார்டிகா போகும் கப்பலில் ஏற்றிவிட்டாள். அந்தப் பனியில் ஒரு தடவை கால் வைக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. கடல் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூணாறு ஜீப்பில் வளைவுக்கு வளைவு செய்வதுபோல, சாப்பாட்டு அறையில் கேட்டு வாங்கிய எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். வாளி பிடித்தது நான்.

காற்று அடங்காததால் கரையிறங்குவது இரண்டு முறை ரத்தானது. மூன்றாவதுதான் கடைசி. பூட்ஸை மாட்டி, கிருமி எதுவும் கரைக்குப் போகாமலிருக்க அதை மருந்துத் தண்ணீரில் நனைத்து, வரிசையில் போய் நின்றேன். ரப்பர் படகில் ஆளேற்றும் பெண் என்னைத் தடுத்தாள். நான் வரவில்லை என்று என் கணவர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். எனக்கு உடம்பு சரியில்லையாம்.

அவர் அதற்குள் படகில் உட்கார்ந்திருந்தார். "குளுரு உனக்கு ஒத்துக்காது புள்ளே. நீ ரூமுல இரு, நான் போட்டோ எடுத்துட்டு வாரேன்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "வாந்தி எடுத்தது யாரு? வாளி புடிச்சது யாரு? எனக்கு என்ன வாய் இல்லையா?"

தமிழ் தெரியாதவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ஐ கோ" என்றேன். அவள் கை நீட்டினாள். ஏறினேன்.

கரையில் கால் முழங்கால் வரை புதைந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது. அவரோ பென்குயின்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு என்னிடம் போனை நீட்டினார்.

"ஒரு போட்டோ எடு புள்ளே."

"அதுக்குக் கையுறையக் கழட்டணும். எனக்குத்தான் குளிரு ஒத்துக்காதே" என்று சொல்லிவிட்டு, பனிமேட்டில் ஏற ஆரம்பித்தேன்.