காலிக் காயிலில் ஓர் ஆள்

நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் மலேசியாவில் கெலாங் பாத்தாவுக்கு வந்து ஷாமளாவையே கேட்டுக்கொள்ளலாம். பேய் என்று பேச்செடுத்தாலே "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிற ஆள் அவள். அவளுக்குத்தான் இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நோயாளியின் உடம்புக்குள் ரேடியோ அலையை அனுப்பும் கருவியை வடிவமைப்பது அவள் வேலை. அலை அளவு மீறினால் உடம்பு வெந்துபோகும். அதற்காக ஒரு லிமிட் வைத்திருந்தாள். தாண்டினால் கருவி தானாக அணைந்துவிடும். திங்கட்கிழமை கருவியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதுவோ ஓடும்போதே அணைந்து அணைந்து மானத்தை வாங்கியது.

அன்று வெள்ளிக்கிழமை. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லோரும் போய்விட்டார்கள். முதலாளி லக்ஷ்மன் போனில் வந்தார்.

"லிமிட்ட கொஞ்சம் ஏத்திவிடு லா. இல்லேன்னா திங்கக்கிழமை நீ வேலைக்கு வர வேணாம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. முதலில் கோளாறைப் பார்ப்போம் என்று போனை வைத்தாள்.

ஆள் படுக்க, சுற்றிலும் அலையை அனுப்பும் குழாயைக் காயில் என்பார்கள். ஓர் ஆஸ்பத்திரி கழித்துக்கட்டியதை, படுக்கையோடு லக்ஷ்மன் வாங்கிப் போட்டிருந்தார். சோதனைக்காக உடம்புக்குப் பதில் உள்ளே வைத்திருந்த உப்புத் தண்ணீர்க் கேனை வெளியே எடுத்தாள். அலை வெளியே போகாமல் செம்புத் தகடு அடித்த அறையின் கதவைச் சாத்தினாள். வெளியே உட்கார்ந்து பவர் கொடுத்தாள். காயில் காலியாக இருந்தால் அலை திரும்பி வந்துவிடும். உடம்பு இருந்தால்தான் உள்ளே இறங்கும்.

அலை திரும்பவில்லை.

"அலமாக்! என்னடா இது..."

கேபிளை மாற்றினாள். அதேதான். மீட்டர் முள் ஏறியது... இறங்கியது... ஏறியது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

டக். அணைந்தது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. படுக்கையில் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ஓரிடத்தில் மட்டும் சுட்டது. தடவிக்கொண்டே போனாள்... வளையமாகச் சுட்டது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஆனாலும் அவள் ஓடவில்லை.

"யாரா இருந்தாலும் சரி," என்றாள் சத்தமாக. "நான் லிமிட்ட ஏத்த மாட்டேன். என் வேலை போனாலும் ஏத்த மாட்டேன்!"

வெளியே வந்து பவர் கொடுத்தாள். அலை முழுதும் திரும்பியது. காயில் காலி.

போன் அடித்தது.

"ஏத்திட்டியா?"

"முடியாது பாஸ். படுக்கையில வளையமா சுடுது."

லக்ஷ்மன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கழுத்துக்கிட்டயா?"

எந்த இடம் என்று அவள் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். லிமிட் வைத்த இடத்திலேயே இருந்தது. கருவி ஒருமுறைகூட அணையவில்லை. லக்ஷ்மன் மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.

பிறகுதான், காயில் வந்த அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் வேலை பார்த்த சந்திரமதியைத் தேடிப் பிடித்தாள்.

"ஒரு அம்மா... புருஷன் ஐ.சி.யூ.வுல. இந்த நேரத்துல தாலிய கழட்டுனா அவருக்கு ஆகாதுன்னு கொடிய கவுனுக்குள்ள மறைச்சிட்டாங்க. கழட்டியாச்சுன்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். அலையில கொடி சூடாகி கழுத்தைச் சுத்தி சுட்டுருச்சு. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உள்ள உடம்பு, புண்ணு ஆறல. போய்ட்டாங்க. புருஷன் பொழைச்சிட்டாரு."

"மிஷின் ஏன் அணையல?"

"அடிக்கடி நிக்குதுன்னு, முதல் நாள்தான் சர்வீஸ்காரர் லிமிட்ட ஏத்திட்டுப் போனாரு. லக்ஷ்மன்னு பேரு."