ஐம்பத்தேழு கிலோ, மாறாமல்

முப்பத்திரண்டு ஆண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிட்ட ஆய்வாளர் அவர். தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், உள்ளே குடைந்த எடைக்கல், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘படிக்கல்’. அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மனைவி இறந்தபின், எழுபத்தெட்டு வயதில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். நகரின் மறுகோடியில் இருந்த மகள் ஒரே நிபந்தனை வைத்திருந்தாள். “எடை அம்பத்தஞ்சுக்குக் கீழ எறங்குச்சுன்னா பொட்டியக் கட்டிட்டு இங்க வந்துடணும்ப்பா. அதுக்கப்புறம் பேச்சே கிடையாது.”

மகள் வீட்டில் எந்தக் குறையும் இல்லை. சட்டைப் பொத்தானில் அவர் கைவைக்கும் முன்பே யாராவது போட்டுவிடுவார்கள். அதுதான் அவருக்குப் பயம்.

திங்கள்தோறும் சுகாதார நிலையத்து நர்ஸ், எடை மெஷினைப் பையில் தூக்கிக்கொண்டு மாடியேறி வருவாள். அவர் முதலில் மெஷினைச் சோதிப்பார், தரை சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு அதன்மேல் ஏறி நின்று ஏமாற்றுவார்.

எடை குறையத் தொடங்கியதும் துணியில் பை வைத்த ஒரு பட்டையைத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உடம்பில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு இரும்பு அதில் ஏறியது. பதினெட்டு வாரமாக ஐம்பத்தேழு கிலோ. நேர்மையான உடம்பு எதுவும் இத்தனை ஒழுங்காக இருக்காது. ஒரு கடையில் இப்படிப்பட்ட ஒழுங்கைக் கண்டிருந்தால் அன்றே பூட்டுப் போட்டிருப்பார்.

பத்தொன்பதாம் வாரம் ஆசை வந்தது. “குரல்ல தெம்பே இல்லையேப்பா” என்று மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவள் வாயை அடைக்க இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டார்.

நர்ஸ் எண்ணைப் பார்த்தாள். பாராட்டவில்லை. “உக்காருங்க சார்” என்றாள். குரல் மாறியிருந்தது.

“என்னம்மா, ஏறித்தானே இருக்கு?”

“ஒரே வாரத்துல ரெண்டு கிலோ சாப்பாட்டுல ஏறாது சார். நீர் கோத்தா ஏறும். மூச்சு வாங்குதா?” கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழவில்லை. அளவு நாடாவை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றினாள்.

“துணி நாடா. இழுத்தா நீளும், சட்டப்படி செல்லாது” என்றார் அவர்.

“இழுக்கலையே சார். போன மாசம் முப்பத்தொண்ணு, இப்ப இருபத்தொம்பதரை. எடை ஏறுது, கால் இளைக்குது. ஏறினதெல்லாம் எங்க போச்சு?” கைபேசியை எடுத்தாள். “டாக்டர்ட்ட சொல்றேன். இன்னைக்கே அட்மிட் பண்ணிடலாம்.”

இந்த வீட்டைவிட்டுப் போகாமலிருக்கக் கட்டிய இரும்பு அவரை ஆஸ்பத்திரிக்கே அனுப்பப் பார்த்தது. அவர் சட்டையைத் தூக்கிப் பட்டையை அவிழ்த்தார். அது மேசைமேல் ‘டங்’கென்று விழுந்தது.

நர்ஸ் மறுபடி நிறுத்தாள். ஐம்பத்து மூன்று கிலோ தொள்ளாயிரம் கிராம்.

“அப்ப நான் நாலு மாசமா எழுதினது?”

“பொய்.”

“நல்லா இருக்கு! எப்பலேருந்து குறையுதுன்னு டாக்டர் கேட்டா உங்க இடுப்புப் பட்டையையா காட்டுவேன்?”

அவர் எழுந்துபோய் ஒரு டைரியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு திங்களும் நர்ஸ் வருமுன் தன் சொந்தத் தராசில் பார்த்த, இரும்பு இல்லாத எடை, கிராம் சுத்தமாக. எவ்வளவு கட்டுவது என்று தெரிய வேண்டாமா? உண்மையை இவ்வளவு கவனமாகக் காப்பாற்ற ஒரு பொய்யனால்தான் முடியும்.

நர்ஸின் விரல் ஒரு வரியில் நின்றது. “இங்கேருந்துதான் எறங்குது. அந்த வாரம் என்ன ஆச்சு?”

“கீழ்ப் பல்செட் உடைஞ்சுது.”

“யார்ட்டயும் சொல்லலையா?”

“சொன்னா, பல்லும் போச்சு, இனிமே தனியா இருக்காதீங்கன்னு ஆரம்பிப்பா.”

“அதுக்காக நாலு மாசம் கஞ்சியா?” அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகளை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

“எவ்ளோப்பா?” என்றாள் மகள்.

“அம்பத்து மூணு தொள்ளாயிரம்.” முதல்முறையாக அவரே சொன்னார்.

“பல்செட் கட்டுங்க. எடை அம்பத்தஞ்சு தொடற வரைக்கும் எங்க வீடு. தொட்டதும் நானே கொண்டுவந்து விடுறேன், போதுமா?”

அவர் யோசித்தார்.

“யாரு தராசுல?” என்று கேட்டார்.