ஈரச் சாக்கு என்று எழுதிய சீட்டு

நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆர்டர் எடுக்கும் சின்ன நோட்டைத் தவிர வேறெதிலும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவன் இப்படி உட்கார்ந்து எழுதுவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் ஒரு சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் வெள்ளை அட்டை. அதில் நீல மையில், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்தில், 'ஈரச் சாக்கு' என்று இரண்டே வார்த்தை. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் வைத்திருக்கிறேன். என் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். ஏதோ கடைச் சீட்டு என்று நினைத்திருப்பாள், கேட்டதில்லை.

மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபது வருடமாகச் சர்வராக இருக்கிறேன். சர்வர்களுக்கு மேலே இருப்பவரைக் கேப்டன் என்போம். அப்போது எங்கள் கேப்டனாக இருந்தவருக்குச் சொந்த ஊர் கோச்சடை. என்னைவிட மூன்று வயது இளையவர், அதனால் பதவியில் பெரியவராக இருந்தும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கென்றே ஒரு கூட்டம் நடக்கும். ஊரில் வசதியானவர்கள் பத்துப் பதினொரு பேர் வருவார்கள். ஐந்து வகை ஒயினை பாட்டிலில் பேர் தெரியாதபடி துணி சுற்றி வைப்போம். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய் குடித்துவிட்டு, எது எந்த ருசி, எந்த வாசனை என்று அவரவர் சீட்டில் எழுதித் தருவார்கள். கேப்டன் அவற்றை உரக்க வாசிப்பார், கடைசியில் தன் கருத்தைச் சொல்வார். வந்தவர்கள் யாரும் ஒயின் படித்தவர்கள் இல்லை. பல் டாக்டர் ஒருவர், திருமங்கலம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர், தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர், இப்படி. ரைஸ்மில்காரர் எந்தச் சிவப்பு ஒயினைக் கொடுத்தாலும் "இருமல் மருந்து" என்றே எழுதுவார். நுரை வருகிற வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு, "பன்னீர் சோடாவுக்கா இம்புட்டு பில்லு?" என்று ஒருநாள் கேட்டார். "அதுக்குத்தான் உங்களுக்கு ரெண்டாவது கிளாஸ் தாறதில்ல" என்றார் டீச்சரம்மா.

கொரோனா வந்து போன பிறகு கேப்டனுக்கு வாசனை தெரியாமல் போயிற்று. எல்லாருக்கும் பத்து நாளில் திரும்பி வந்தது, அவருக்கு வரவில்லை. அதை நான் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். புளித்துப்போன தயிர்ப் பச்சடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "டேபிளுக்குப் போகலாம்" என்றார். அந்த நாற்றம் மூன்றடி தள்ளி நின்ற எனக்கே அடித்தது. நான் சொன்னதும் என்னைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "மூக்கு செத்துப்போச்சுண்ணே. வீட்ல மட்டும்தான் தெரியும். யார்ட்டயும் சொல்லிராதீக. இந்த மூக்குக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். அவருடைய மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம்.

அன்றிலிருந்து அந்தச் சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு நாங்கள் இருவரும் சாமான் அறையில் நிற்போம். அவர் ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து எவர்சில்வர் டம்ளரில் ஒரு விரல் ஊற்றித் தருவார். நான் முகர்ந்து, வாயில் வைத்து, கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொல்வேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். நாவல்பழம் தின்ற பிறகு நாக்கு இழுத்துப் பிடிக்கிற மாதிரி. மாங்காய்க் கொட்டையை ஒட்டின சதை. கிர்ணிப்பழத் தோல். வாழைப்பூவின் துவர்ப்பு. ஒன்று சைக்கிள் கடையில் ட்யூப் ஒட்டுகிற வாசனை அடித்தது, அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "சொல்லுங்கண்ணே, அதையும் சொல்லுங்க" என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் அவர் அதையெல்லாம் தன் வார்த்தைபோல் சொல்லும்போது கூட்டம் கைதட்டும். புத்தகத்தில் இருக்கிற வெளிநாட்டுப் பழங்களின் பேரை விட்டுவிட்டு நம் ஊர்ப் பழங்களைச் சொல்கிறாரே என்று டாக்டர் மெச்சுவார். கேப்டன் அந்தக் கைதட்டலுக்கு ஒருநாளும் சிரித்ததில்லை. என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்.

எனக்கோ வேறு பயம். பணியில் இருக்கும்போது வாயில் மது பட்டால் அன்றோடு வேலை போகும், அது ஹோட்டல் விதி. வீட்டு விதி அதைவிடக் கடுமை. என் மாமனார் குடித்தே போனவர். "அந்த வாசம் வந்துச்சு, அன்னைக்கே நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று கல்யாணமான புதிதிலேயே மனைவி சொல்லியிருந்தாள். நான் துப்பியதுபோக ஒரு துளிகூட விழுங்கியதில்லை. ஆனாலும் வில்லாபுரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிராம்பை மென்றுகொண்டேதான் போவேன். வாசலில் "ஊதுங்க பாப்போம்" என்பாள். ஊதுவேன். "பல்லு வலியா, எந்நேரமும் கிராம்பு?" என்பாள். ஆமாம் என்பேன். ஏழு மாதமாக எனக்குப் பல் வலி.

விருந்தாளிகள் எப்போதாவது தங்கள் பாட்டிலைக் கொண்டுவந்துவிட்டால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்தே வைத்திருந்தோம். சர்வர்கள் இடது முழங்கையில் வெள்ளைத் துண்டு போட்டிருப்போம். ஒயின் நன்றாக இருந்தால் துண்டு இடதிலேயே இருக்கும். கெட்டிருந்தால் வலதுக்கு மாற்றுவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. தேவைப்படாது என்றே இருவரும் நம்பினோம்.

ஏழாவது மாதச் சனிக்கிழமை பல் டாக்டர் ஒரு பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு அனுப்பியது. "கேப்டன், இதை உங்க கையாலதான் திறக்கணும்" என்றார். புதிதாக வந்திருந்த மேனேஜர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேப்டன் தக்கையை உருவி, கண்ணை மூடி முகர்ந்தார். வாசனை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிளாஸில் கொஞ்சம் ஊற்றினார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அது வந்து சேர்ந்தது. மழையில் நனைந்து காயாமல் மூலையில் கிடந்த சாக்கு. சந்தேகமே இல்லை, தக்கை கெட்டு ஒயினும் கெட்டிருந்தது. கேப்டன் என் கையைப் பார்த்தார்.

என் இடது உள்ளங்கையில் கிளாஸ்கள் அடுக்கிய தட்டு இருந்தது. அதன் கீழே முழங்கையில் துண்டு. உருவினால் தட்டு ஆடும். தட்டு ஆடினால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். மேனேஜர் ஏற்கெனவே என்னைத்தான் பார்ப்பது போலிருந்தது. தட்டைப் பக்கத்து மேசையில் வைத்திருக்கலாம். ஒரு எட்டு தூரம்தான். எத்தனையோ தடவை மனதுக்குள் அதை வைத்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு வைக்கவில்லை. அசையாமல் நின்றேன். அசையாமல் நின்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"பிரமாதம் சார். கருப்பு திராட்சை. அடியில கொஞ்சம் கிராம்பு" என்றார் கேப்டன். என் கிராம்பு.

எல்லாரும் குடித்தார்கள். முகம் சுளித்தவர்கள்கூட கேப்டன் சொல்லிவிட்டாரே என்று மறுபடி குடித்துத் தலையாட்டினார்கள். சீட்டுகளை நான்தான் சேகரித்தேன். கிராம்பு, கருப்பு திராட்சை, பட்டை, கிராம்பு. ரைஸ்மில்காரர்கூட இருமல் மருந்தை விட்டுவிட்டுக் கிராம்பு என்று எழுதியிருந்தார். கடைசியில் டீச்சரம்மாவின் சீட்டு. படித்ததும் சட்டைப்பைக்குள் செருகிவிட்டேன்.

கேப்டன் வாசித்து முடித்தார். "பதினொரு பேர் இருக்காக. பத்துச் சீட்டுத்தான் இருக்கு. ஒண்ணு எங்கண்ணே?" என்று அவரே கேட்டார். கீழே விழுந்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய்யும் சட்டென்று வராது. கை தானாகப் பைக்குள் போயிற்று. அவர் வாங்கி, வாசிக்கிற குரலிலேயே "ஈரச்..." என்று தொடங்கி, அடுத்த வார்த்தையை எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சாக்குன்னு எழுதியிருக்கேன். சத்தமாத்தான் வாசிங்களேன்" என்றார் டீச்சரம்மா.

"சாக்கையெல்லாம் நீங்க எப்பக்கா குடிச்சீங்க?" என்று ரைஸ்மில்காரர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார். "ஆமா" என்றார். பிறகு ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சாக்கு வந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் கிராம்பு இருந்த இடத்தில் கிராம்பே இல்லை. ரைஸ்மில்காரரும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நம்ம மில்லுல மழைக்காலத்துல அடிக்கிறதுதான்" என்றார்.

கேப்டன் நிமிர்ந்து நின்றார். "மன்னிக்கணும் சார். எனக்கு மூக்கு போயி ஏழு மாசமாச்சு."

"அப்ப போன மாசமெல்லாம் அம்புட்டும் சரியாச் சொன்னீங்களே, எப்படி?" என்று டாக்டர் கேட்டார்.

அப்போதுதான் நான் தட்டை மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். கேப்டன் என் பக்கம் பார்க்காமலே, "குத்துமதிப்பா சொன்னேன் சார்" என்றார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நினைத்திருந்தால், "நான்தான் சார் முகர்ந்து சொன்னேன்" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை போயிருக்கும். வீட்டிலும் தெரிந்திருக்கும். அவர் மட்டும் ஏமாற்றுக்காரராக நிற்காமல் இருந்திருப்பார். மேசையைத் துடைக்கத் தொடங்கினேன். துடைக்கும்போது அந்தச் சீட்டு கிடந்தது, எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் விளாங்குடி பஸ் ஸ்டாப்பில் கேப்டனைப் பார்த்தேன். எலக்ட்ரிக் சாமான் கடையில் இருக்கிறாராம், மகள் படிப்பை முடித்துவிட்டாளாம். "வெங்காயம் மட்டும் லேசா வருதுண்ணே. மத்ததெல்லாம் இன்னும் இல்ல" என்றார். "அண்ணி இன்னும் ஊதச் சொல்றாகளா?" என்று கேட்டுச் சிரித்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. "வாரேன்ண்ணே" என்று ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து உறையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஓரம் மஞ்சளாகிவிட்டது, மை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் எனக்காகச் சொல்லாமல் விட்டதை இங்கேயாவது சொல்லியாயிற்று. மனைவியும் படிப்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கேப்டன் மேனேஜர் அறைக்குப் போய் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். அவருடைய கறுப்புக் கோட்டை லாண்டரிக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன்.