மிஸ்ஸி சொன்னதில் நான் மறைத்த பாதி

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, உங்கள் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதாம் வருடம் மழைக்காலத்தில் என் மனைவி எஸ்தருக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மார்பில் கட்டி. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், கூடைக் கயிறு அழுத்துகிறது என்று சொல்லியே பல மாதம் ஓட்டிவிட்டாள். கொழும்புப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது முதுகெலும்புவரை பரவியிருந்தது. முழுதாகக் குணமாக்க முடியாது, மருந்து ஏற்றினால் வலி குறையும், நாளும் கூடும் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார்.

எங்கள் தோட்டம் இருக்கிற பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு பஸ், அங்கிருந்து ரயில். போகும்போது நடந்து போவாள். திரும்பும்போது அவளைத் தாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்தால் வாந்தி. தாளிக்கிற வாசனை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயில் இரும்பை வைத்தது மாதிரி இருக்கிறது என்பாள். லயத்தில் வரிசை வீடுகளில் இருக்கிற பெண்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். முட்டை சூடு, மீன் கரப்பான், கருவாடு விஷம் என்றார்கள். நானும் அதையெல்லாம் நம்பினேன்.

அதோடு நின்றேனா? கோயிலில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனையும் செய்தேன். இவள் குணமாகும்வரை என் வீட்டில் மீன், முட்டை, இறைச்சி சமைப்பதில்லை என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது, சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுக்கிற ஒரு மிஸ்ஸி, ஆஸ்பத்திரி நர்ஸம்மா, எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் பேசியது சிங்களம். எஸ்தருக்கு அது விளங்காது. நான் தேயிலைத் தொழிற்சாலையில் சிங்கள ஆட்களோடு வேலை செய்கிறவன், எனக்கு நன்றாக விளங்கும். மிஸ்ஸி அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். புண் இல்லை. பத்தியம் எதுவும் வேண்டாம், உடம்பு கரைந்தால் மருந்தைத் தாங்காது என்றார். இரண்டு மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். அவள் படுத்திருக்கிற இடத்தில் சமைக்கக் கூடாது. ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கரண்டி பட்டால் இரும்பு ருசி கூடும், கையால் சாப்பிடட்டும். வெறும் தேத்தண்ணீரால் வயிற்றை நிரப்பக் கூடாது. முட்டை, மீன், பருப்பு தினமும் வேண்டும். வாய்க்குப் பிடித்தது கருவாடாக இருந்தாலும் சோற்றோடு கொஞ்சம் கொடுங்கள் என்றார்.

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். "என்னங்க சொல்றாங்க?"

"கொஞ்சங் கொஞ்சமா சாப்பிடச் சொல்றாங்க. பருப்பு சாப்பிடச் சொல்றாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை விழுங்கிவிட்டேன். ஆண்டவருக்குக் கொடுத்த வாக்குக்கு இந்த மிஸ்ஸி குறுக்கே வருகிறார் என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

அதன் பிறகு வீட்டில் எந்நேரமும் எரிச்சல். கஞ்சியைக் கொண்டுபோனால் தள்ளிவிடுவாள். நான் சத்தம் போடுவேன். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டாள். தினமும் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, அவள் சாப்பிட ஒரு வழி காட்டும். பதில் வரவில்லை. மற்றவர்களுக்குக் கேட்கிறவர் எனக்கு மட்டும் ஏன் காதைப் பொத்திக்கொண்டார் என்று கோபப்பட்டேன். கோயிலில் பாட்டுப் பாட வாய் வரவில்லை.

மூன்றாம் தடவை மருந்து ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எடை குறைந்துவிட்டது, இரத்தமும் போதாது. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதும் இப்படியே இருந்தால் மருந்தை நிறுத்த வேண்டியதுதான் என்றார்கள். அதே மிஸ்ஸி வந்தார். என்னை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் நேராக அவளிடமே கேட்டார்.

"அம்மா, முட்டை சாப்பிட்டதா? மீன்? கருவாடு சாப்பிட்டதா?"

எஸ்தர் விழித்தாள். "கருவாடா? எனக்குக் குடுக்கலாமா மிஸ்ஸி?"

"நான் சொன்னதுதானே. ஐயா சொல்லவில்லையா?"

எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு பொருத்தனையைச் சொன்னேன். அவள் அழவில்லை. சத்தமும் போடவில்லை.

"நேந்துகிட்டது நீங்க. பட்டினி கெடக்குறது நானா?"

பிள்ளைகளே, அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. வழி காட்டும் என்று நான் கேட்கத் தொடங்கும் முன்பே ஆண்டவர் பதில் சொல்லி அனுப்பியிருந்தார். அது என் காதுவரை வந்து, என் வாயில் நின்றுவிட்டது. மூன்று வாரமாக அவளிடம் போய்ச் சேராதபடி தடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

ஊருக்கு வந்ததும் கோயில் உபதேசியாரிடம் ஓடினேன். பொருத்தனையை முறித்தால் பாவமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ மொதல்ல கருவாட்ட வாங்குய்யா. ஜெபத்துக்கு நான் வாறேன்" என்றார்.

பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்து, ஆறவைத்துக் கொண்டுபோனேன். புளி கூட்டிய கருவாட்டுக் குழம்பு, குழைந்த சோறு, அவித்த முட்டையில் பாதி. கையால் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய்க்கு, "உப்பு பத்தல" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மணி கழித்து மறுபடி மூன்று வாய். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். சில நேரம் வாந்தி வந்தது. கழுவிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொடுத்தேன். அடுத்த வாரம் மருந்து ஏற்றினார்கள்.

எஸ்தர் இன்று இல்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள். வலி குறைந்து உட்கார்ந்தாள், நடந்தாள், கிறிஸ்மஸ் ஆராதனைக்கு வந்து பாடினாள். நான் கேட்ட சுகம் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் இன்னமும் உண்டு. அதை ஆண்டவரிடமே சொல்லிச் சண்டை போடுகிறேன். அந்த ஒன்றரை வருடத்துக்காக அவருக்கு நன்றியும் சொல்கிறேன். இரண்டையும் அவர் கேட்டுக்கொள்கிறார்.

இப்போதும் பொருத்தனை செய்வதுண்டு, என் வாயை மட்டும் கட்டிக்கொண்டு. உங்கள் வீட்டில் யாராவது நோயாகக் கிடந்தால் தாராளமாக ஜெபியுங்கள், அவர் கேட்பார். ஆனால் முழங்கால் போடுவதற்கு முன், கட்டிலுக்குப் பக்கத்தில் போய், என்ன சாப்பிட ஆசை என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.