சூட்டர் என்ன சாதி?

முன்னறையிலிருந்து அப்பாவின் சிரிப்புக் கேட்டது. பெரிய இடத்து ஆட்களுக்கென்றே எமிலியானுஸ் எடுத்து வைத்திருக்கும் சிரிப்பு. குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த றெபேக்கா கேத்திலை டொக்கென்று வைத்தாள்.

"பிள்ளை, இஞ்சை வா! தம்பி கதைக்கிறது எனக்கு முழுக்க விளங்கேல்லை."

மொன்றியலுக்கு வந்து உணவகமொன்றில் கோப்பை கழுவியே பக்கத்து லவாலில் வீடு வாங்கிய மனிதர். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை வருடத்தில் அவர் கற்றுத் தேர்ந்த வித்தை ஒன்றே ஒன்று. மாதா கோயில் வாசலில் புதிதாக ஒரு தமிழரைக் கண்டால், "ஊரிலை எந்தப் பக்கம்? ஆரின்ரை ஆக்கள்?" என்று தோண்டித் தோண்டிச் சாதியைப் பிடுங்கிவிடுவார். பதில் பிடிக்காவிட்டால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். பூசையில் மட்டும் அதே ஆட்களைப் பார்த்துச் சமாதானம் சொல்லிக் கைகூப்புவார். என்ன பக்தி!

இன்று அந்த வித்தை, அவளைக் கட்டப்போகும் அன்ட்ரூ சூட்டரிடம்.

"சூட்டர் எண்டது ஸ்கொட்லாந்திலை பழைய பேராம். காணி பூமி உள்ள பரம்பரையோ? கேள்."

அன்ட்ரூ உற்சாகமாக ஆங்கிலத்தில் விளக்கினான். றெபேக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். குசினி வாசலில் நின்ற பிலோமினம்மா மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். ஏதாவது சொல்லி மழுப்பு!

ஒரு பொய் போதும். பிரபு வம்சம் என்றால், அப்பா வருகிற சனிக்கிழமை கலியாணத்தில் கையைப் பிடித்து அவளைக் கோயிலுக்குள் கூட்டிப்போவார். சின்ன வயதிலிருந்து அவள் ஏங்கிய நிமிடம் அது. ஆனால் அந்தச் சிரிப்பு!

"சப்பாத்துத் தைக்கிறவை, அப்பா. அங்கை சப்பாத்துத் தைக்கிறவரைச் சூட்டர் எண்டுதான் கூப்பிட்டவையாம். தைக்கிறவன் எண்ட லத்தீன் சொல்லிலையிருந்து வந்ததாம். முதல் அது தொழிலின்ரை பேர். பேந்து ஊசியே தொடாத பேரப்பிள்ளையளுக்கும் அதுவே குடும்பப் பேராய் நிண்டிட்டுது. இவருக்கு அதிலை பெருமை."

"தோல் வேலையோ?"

சற்றுமுன் அன்ட்ரூவுடன் குலுக்கிய கையை எமிலியானுஸ் காற்சட்டையில் துடைத்தார். கோப்பை கழுவிய கை!

"வெள்ளைக்காரன் எண்டு பாத்தால்... கோயில் சனத்துக்கு நான் என்னெண்டு முகங்குடுக்கிறது? நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

றெபேக்காவின் கண்கள் பொங்கின. ஆனாலும் அவள் கெஞ்சவில்லை. இந்த மனிதரிடம் கெஞ்ச என்ன இருக்கிறது?

"வராதேங்கோ. அம்மா, நீங்கள் வாறியளே?"

கலியாணமான நாள் முதல் புருஷனுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாத பிலோமினம்மா, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஓம். நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறன்."

"உனக்கென்ன விசரே?"

"நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறப்போகுது."

மொழி புரியாவிட்டாலும் அன்ட்ரூவுக்கு எல்லாம் புரிந்திருந்தது. எழுந்துபோய், வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். எமிலியானுஸ் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்து கிடந்தது.

"நன்றி, அம்மா," என்றான் அன்ட்ரூ, தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களில்.

"கவனமாய்ப் போட்டு வாங்கோ, தம்பி."

அவன் படியிறங்கித் தெருவுக்குப் போகும்வரை நின்றுவிட்டு, பிலோமினம்மா கதவைச் சாத்தினாள்.